எந்த லீ? ஒரு குடும்பப் பெயரின் நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'லீ' என்ற குடும்பப் பெயருடன் 6,93,023 பேர் பதிவானார்கள். நாட்டின் குடும்பப் பெயர்ப் பட்டியலில் அதற்கு 21ஆவது இடம். இடத்தைவிட, அந்த வரிக்கு எதிரே உள்ள இன விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது. தங்களை ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர் என்று சொன்னவர்கள் சுமார் 42 சதவீதம், வெள்ளையர் சுமார் 36, கறுப்பினத்தவர் சுமார் 16. முதல் 25 பெயர்களில் மற்றவையெல்லாம் ஸ்மித், ஜான்சன் போல வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பகிர்ந்துகொள்பவை, அல்லது கார்சியா, லோபஸ் போன்ற ஸ்பானியப் பெயர்கள். ஆசியர் முதலிடத்தில் இருக்க, மூன்று பக்கமாகப் பிரிந்து கிடக்கும் பெயர் லீ ஒன்றுதான்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6,05,860 லீக்கள், 22ஆவது இடம். அப்போது வெள்ளையர் சுமார் 40 சதவீதம், ஆசியர் சுமார் 38. "ஆசிய லீக்கள் பெருகிவிட்டார்கள்" என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெருகியது சரிதான். பெருகியவர்கள் சீனரா, கொரியரா, தென்கிழக்கு ஆசிய மலைவாழ் மக்களான மொங் இனத்தவரா என்று கேட்டால் அந்தப் பட்டியலில் பதில் கிடைக்காது. எல்-இ-இ என்ற மூன்று எழுத்து, ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத பல பெயர்கள் ரோமன் எழுத்துக்கு மாறியபோது வந்து சேர்ந்த இடம். இதை ஒரே குடும்பப் பெயர் என்று வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினால், பின்னால் வரும் எந்தக் கணக்கும் தேறாது.

காட்டு வெளியும் மலைச்சரிவும்

ஆங்கிலேயக் கிளையின் வேர் 'லேயா' என்ற பழைய ஆங்கிலச் சொல். முதலில் காடு, பிறகு காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய வெளி, அதற்கும் பிறகு மேய்ச்சல் நிலம் என்று அதன் பொருள் நகர்ந்து வந்தது. பர்ன்லி, ஹென்லி போன்ற ஊர்ப் பெயர்களின் வாலில் இருப்பதும் இதுவே. அத்தகைய வெளியை ஒட்டி வாழ்ந்தவரை இடைக்காலப் பதிவேடுகள் 'அட்டெ லீ', 'டி லா லீ' என்று குறித்தன. முன்னொட்டு உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது. லங்காஷயர், செஷயர், ஷ்ராப்ஷயர், கென்ட் என இந்தப் பெயரில் ஊர்கள் பல இருப்பதால், குடும்பப் பெயரும் தனித்தனியாகப் பல இடங்களில் முளைத்தது. எல்-இ-ஏ, எல்-இ-இ, எல்-இ-ஐ-ஜி-எச் என்ற எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை வைத்து "நாங்கள் வேறு கிளை" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 16, 17ஆம் நூற்றாண்டுத் திருச்சபைப் பதிவேடுகளில் ஒரே மனிதரின் திருமணம் ஒரு விதமாகவும் அடக்கம் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது சர்வசாதாரணம். எழுத்தைத் தீர்மானித்தவர் பதிவேட்டை எழுதிய பாதிரியார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்பகுதித் தளபதி ராபர்ட் ஈ. லீயின் மூதாதை, சுமார் 1640இல் வர்ஜீனியாவுக்கு வந்த ரிச்சர்ட் லீ. அந்த ஒரு குடும்பத்தோடு உறவு கொண்டாடும் வம்சாவளி மரங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டுக்கு அருகே ஆதாரம் இல்லாமல் ஒரே தாவாகத் தாவுகின்றன.

அயர்லாந்து லீக்கள் வேறு. அங்கே 'கவிதை சார்ந்த' என்ற பொருள் தரும் கேலிக் சொல்லிலிருந்து வந்த குலப்பெயரை ஆங்கிலேய நிர்வாகம் லீ என்று எழுதியது. மேற்கு கால்வேயில் ஓ'ஃபிளாஹெர்ட்டி தலைவர்களுக்குப் பரம்பரை வைத்தியர்களாக இருந்த லீ குடும்பத்தின் 15ஆம் நூற்றாண்டு மருத்துவச் சுவடி இன்றும் டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாதமியில் இருக்கிறது. பிரிட்டனின் ரோமானி நாடோடிக் குடும்பங்களிலும் லீ ஒரு பெரிய பெயர். திருச்சபைப் பதிவேட்டில் ஊரை வைத்துத் தேடும் வழக்கமான முறை அவர்களிடம் எடுபடாது. பயணப் பாதையில் பல மாவட்டப் பதிவேடுகளைத் துழாவியாக வேண்டும்.

நார்வேயின் கதை இன்னும் விறுவிறுப்பானது. மலைச்சரிவைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து 'லி' அல்லது 'லியே' என்ற பண்ணைப் பெயர்கள் வந்தன. எல்-ஐ-இ என்று எழுதி 'லீ' என்று ஒலிப்பார்கள். ஐ.நா.வின் முதல் பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீ இந்தப் பெயர்க்காரர். 1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் வரை, நார்வே கிராமத்தில் பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஆகவே 1850இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இரண்டு 'லீ' சகோதரர்கள் உண்மையில் ஒரே பண்ணையில் வேலை பார்த்த அந்நியர்களாக இருக்கலாம். எல்-ஐ-இ ஆங்கிலத்தில் 'பொய்' ஆகிவிடுவதால், மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் இறங்கியவர்கள் அதை எல்-இ-இ ஆக்கிக்கொண்டார்கள். இந்த இரண்டு மாநிலங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்க-அமெரிக்க லீக்களைத் தேடுபவர்கள் 1870இல் ஒரு சுவரில் மோதுவார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். கடைசி உடைமையாளரின் பெயரைத்தான் எல்லோரும் சூட்டிக்கொண்டார்கள் என்பது தப்பான எண்ணம். பலர் முந்தைய உடைமையாளரின் பெயரை, தந்தை இருந்த தோட்டத்தின் பெயரை, பிடித்த ஒரு பெயரை எடுத்தார்கள். லீ என்ற வெள்ளை உடைமையாளரைத் தேடி அங்கேயே நின்றுவிடுவது இந்தக் கிளையில் அடிக்கடி நடக்கும் பிழை.

மரமும் பிள்ளையும்

சீனப் பெயரை எழுத்தில் பார்த்தால் பிழைக்கே இடமில்லை. மேலே 'மரம்', கீழே 'பிள்ளை', ஏழே கோடுகள். பொருள் பிளம் பழம், அதன் மரம். சொங் வம்சக் காலத்துச் சிறுவர் பாடநூலான 'நூறு குடும்பப் பெயர்கள்' பட்டியலில் இது நான்காவது.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. நீதிபதிகளாக இருந்த ஒரு குடும்பம் 'நீதி அதிகாரி' என்ற பொருளில் 'லி' என்றே ஒலிக்கும் வேறோர் எழுத்தைப் பெயராக வைத்திருந்தது. பண்டைய சீனாவின் ஷாங் அரசனின் கோபத்துக்குத் தப்பி ஓடிய தாயும் மகனும் காட்டு பிளம் பழத்தைத் தின்று பிழைத்தார்கள், நன்றிக்காக எழுத்தை மாற்றிக்கொண்டார்கள் என்கிறது அது. 1060இல் முடிக்கப்பட்ட டாங் வம்சத்தின் புதிய வரலாற்றில் அரச குல வம்சாவளியாக இது பதிவாகியிருக்கிறது. ஷாங் காலத்துக்கும் இந்த நூலுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அரச குடும்பத்துக்கு ஒரு பழம்பெருமை தேவைப்பட்டது என்பதற்கு இது நல்ல சான்று. அதற்கு மேல் இதில் எதையும் தேடக் கூடாது.

பெயர் பெருகியதற்கு உறுதியான காரணம் அதே அரச குடும்பம்தான். 618இல் லி யுவான் நிறுவிய டாங் வம்சம் 907 வரை நீடித்தது. லி அரச குலத்தின் பெயர் ஆனது. தாவோ ஞானி லாவோட்சியின் குடும்பப் பெயரும் லி என்று பழைய வரலாறு சொன்னதால், அவரையே மூதாதையாக ஏற்றுக்கொண்டார்கள். பெயரோடு ஒலி ஒத்திருந்த கெண்டை மீனைப் பிடிக்கத் தடை போட்டார்கள் என்றால் மிச்சத்தை ஊகிக்கலாம். வெற்றி பெற்ற தளபதிகளுக்கும் எல்லைப்புறத் தலைவர்களுக்கும் இந்தப் பெயரைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஷு ஷிஜி என்ற தளபதி லி ஷிஜி ஆனார். ஷாடுவோ துருக்கியத் தலைவர் ஒருவருக்குக் கிடைத்த லி பெயர், 923இல் அவர் பேரன் நிறுவிய பின்டாங் அரச குலத்தின் பெயரானது. டாங்குட் தலைவர்களுக்கும் அப்படியே. ஆகவே சீனாவுக்குள்ளேயே 'எல்லா லிக்களும் ஒரே ரத்தம்' என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொய்த்துவிட்ட கூற்று.

2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி சீனாவின் முதல் பெயர் வாங், 10.15 கோடிப் பேர். லி 10.09 கோடி. வித்தியாசம் ஆறு லட்சம். உலகில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் எது என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் வழுக்குகிறது. சீனாவை மட்டும் எண்ணினால் வாங். அதே சீன எழுத்தைப் பயன்படுத்தும் தென்கொரியாவின் 73 லட்சம் பேரைச் சேர்த்தால் லி 10.8 கோடியைத் தாண்டி முந்திவிடும். எல்-இ-இ என்று எழுதுபவர்களை மட்டும் எண்ணினால் இரண்டுமே அல்ல, ஏனென்றால் சீனாவின் பாஸ்போர்ட்டில் அது எல்-ஐ. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் வரும் "உலகின் நம்பர் ஒன் பெயர்" பட்டியல்களைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

எழுத்து ஒன்று, உச்சரிப்பும் ரோமன் வடிவமும் ஊருக்கு ஊர் வேறு. ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியாவில் எல்-இ-இ. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே டான், லிம் ஆகியவற்றுக்கு அடுத்து லீதான் மூன்றாவது. போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த மக்காவில் எல்-இ-ஐ. டச்சு எழுத்து முறை ஊறிய இந்தோனேசியாவில் எல்-ஐ-இ, அதாவது நார்வேக்காரரின் அதே மூன்று எழுத்து, ஒலியும் அதே 'லீ'. அங்கே 1966இல் வந்த அமைச்சரவை முடிவுக்குப் பின் சீன வம்சாவளியினர் இந்தோனேசியப் பெயர் சூட்டிக்கொண்டபோது, அலி, ருஸ்லி போன்ற பெயர்களுக்குள் பழைய அசையை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் ஹொக்கியன் என்ற தென்சீன மொழியின் உச்சரிப்பு ஸ்பானியக் காதில் விழுந்து 'டீ' ஆனது.

எதிர்த்திசைச் சிக்கலும் இருக்கிறது. ஹாங்காங்கில் லீ என்று எழுதுபவர் எல்லோரும் பிளம் மரத்தார் இல்லை. 'லாபம்' என்ற பொருள் தரும் வேறோர் எழுத்தும் ஹாங்காங்கின் காண்டனீஸ் மொழியில் கிட்டத்தட்ட அதே ஒலி, சுரம் (குரலின் ஏற்ற இறக்கம்) மட்டும் வேறு. ரோமன் எழுத்தில் சுரம் ஏது? ஹாங்காங்கின் லீ கார்டன்ஸ் பகுதிக்குப் பெயர் தந்த லீ ஹைசான் குடும்பம் இந்த 'லாப' லீ. மாண்டரின் ரோமன் முறையில் எல்-ஐ என்று வரும் இன்னோர் எழுத்து, காண்டனீஸில் 'லாய்', வியட்நாமில் 'லே'. அதுவும் தனிக் குடும்பப் பெயர்.

ஒரு கல்லறைக் கல்லை வாசித்தல்

புலம்பெயர்ந்த சீனக் குடும்பத்தின் மூல எழுத்தை மீட்கக் காகிதங்களைவிடக் கல்லறைக் கல் நம்பகமானது. எழுத்து செங்குத்தாக இருக்கும், வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். கல்லின் உச்சியிலோ நடு வரிசைக்கு மேலோ சிறியதாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அது மூதாதையர் மாவட்டம்: தாய்ஷான், நான்ஆன், தாபு போல. தேடலில் குடும்பப் பெயரைவிட இதற்கு மதிப்பு அதிகம். நடு வரிசையில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர். ஆண் என்றால் குடும்பப் பெயரை அடுத்து 'கோங்' என்ற மரியாதைச் சொல் வரும். பெண் என்றால் அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், அதன் பின்னால் 'ஷி' என்ற எழுத்தும். ஓரத்து வரிசையில் பிள்ளைகள், பேரர்கள் பெயர். அங்கே சகோதரர்களுக்குப் பொதுவாக வரும் ஓர் எழுத்துதான் தலைமுறை எழுத்து. குல வம்சாவளி ஏட்டில் அந்த எழுத்து எத்தனையாவது தலைமுறைக்கு ஒதுக்கப்பட்டது என்று பார்த்தால் கிளையே தெரிந்துவிடும்.

அந்த 'ஷி' அமெரிக்கப் பதிவேடுகளில் பெரிய குழப்பத்தை விதைத்திருக்கிறது. குடியேற்ற அதிகாரிகள் அதை இயற்பெயர் என்று நினைத்து, 'லீ ஷீ' என்று ஆயிரக்கணக்கான பெண்களைப் பதிந்துவிட்டார்கள். லீ ஷீ என்றால் 'லீ வீட்டில் பிறந்தவள்' என்று மட்டுமே பொருள். அவள் கணவன் பிறப்பால் அதே லீயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் ஒரே குடும்பப் பெயரில் மணம் முடிப்பதை அந்தக் கிராமங்கள் ஏற்கவில்லை. ஆனாலும் திருமதி லீ ஷீயைத் திரு லீயின் மனைவியாக இணைத்துவைத்த குடும்ப மரங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன.

இதைவிடக் கடுமையானது 'காகித மகன்கள்' விவகாரம். 1882ஆம் ஆண்டுச் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர் வருகையை அடைத்தது. வணிகர், மாணவர் போன்ற சில பிரிவினருக்கும் அமெரிக்கக் குடிமகனின் பிள்ளைக்கும் மட்டும் வழி திறந்திருந்தது. 1906 ஏப்ரல் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகளை அழித்ததும், பலர் அங்கே பிறந்ததாகச் சொல்லிக் குடியுரிமை பெற்றார்கள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்து, அந்த இடத்தை வேறொரு குடும்பத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் அந்தக் குடும்பப் பெயரோடுதான் இறங்க வேண்டும். 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் நடந்த விசாரணைகளில் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டதால், மனப்பாடக் குறிப்பேடுகளும் கூடவே விலைபோயின. விலக்குச் சட்டம் 1943இல் நீங்கியது. 1956இல் தொடங்கிய 'ஒப்புதல் திட்டம்' வழியாகச் சிலர் உண்மைப் பெயரை மீட்டார்கள். பலர் நாடு கடத்தப்படும் பயத்தில் காகிதப் பெயரோடே இருந்துவிட்டார்கள். ஆகவே ஓர் அமெரிக்க லீ குடும்பத்தின் சீனக் கல்லறை எழுத்தில் 'வோங்' என்று இருந்தால் கல் வெட்டியவரைத் திட்டாதீர்கள். கல்லில் இருப்பதே உண்மைப் பெயர், ஆங்கிலத்தில் இருப்பது விலைக்கு வாங்கியது. விசாரணைக் கோப்புகள் சான் புரூனோ உள்ளிட்ட தேசிய ஆவணக் காப்பகக் கிளைகளில் இருக்கின்றன. ஆனால் கோப்பில் உள்ள கிராமமும் உறவும் காகிதக் குடும்பத்துடையவை என்பதை மறந்தால் இரண்டாவது முறையும் ஏமாறுவோம்.

தென்கொரியா: எழுத்து ஒன்று, மூல ஊர் பல

2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென்கொரியாவில் 73 லட்சம் லீக்கள், மக்கள்தொகையில் 14.7 சதவீதம். கிம்முக்கு அடுத்து இரண்டாவது. தெற்கில் இதன் உச்சரிப்பு வெறும் 'ஈ', வடக்கில் 'ரி'. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர' ஒலியை விடுவது தெற்கின் எழுத்து விதி. 2000இல் வந்த அரசு ரோமன் முறைப்படி எழுதினால் தனியாக ஒரு 'ஐ' மட்டும் நிற்கும். அதை யாரும் சீந்துவதில்லை. பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் எல்-இ-இ. பழைய தலைமுறையில் ஒய்-ஐ, முதல் அதிபர் சிங்மன் ரீ போல ஆர்-எச்-இ-இ, அபூர்வமாக ஒய்-இ-இ. கடைசியில் சொன்னதில் எச்சரிக்கை தேவை: அமெரிக்காவில் ஒய்-இ-இ என்று இருப்பவர் அநேகமாகத் தாய்ஷான் வழி வந்த வேறொரு சீனக் குடும்பப் பெயர்க்காரர்.

எழுத்து சீனாவுடையது என்பதால் கொரிய லீக்கள் சீனாவிலிருந்து வந்தவர்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். கொரியாவில் குடும்பப் பெயரோடு 'பொன்க்வான்' எனும் மூல ஊரும் சேர்ந்தால்தான் குலம். மிகப் பெரியது ஜொன்ஜு லீ, சுமார் 26 லட்சம் பேர். 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசொன் அரச குலம் அது. அடுத்தது கியோங்ஜு லீ, சுமார் 14 லட்சம். பழைய கொரிய அரசான சில்லாவின் ஆறு கிராமத் தலைவர்களில் ஒருவரைத் தங்கள் மூதாதையாகச் சொல்கிறார்கள். யொனான் லீயின் மூதாதை டாங் படைத் தளபதி. சோங்ஹே லீயின் மூதாதை ஜுர்சென் இனத்து வீரர் யி ஜி-ரான், ஜோசொன் நிறுவனருக்குத் தோள் கொடுத்தவர். ஹ்வாசான் லீயின் மூதாதை வியட்நாம் இளவரசர்.

அந்தக் கடைசிக் குலத்துக்காக வியட்நாம் பக்கம் போக வேண்டும். 1009இல் தொடங்கிய லி வம்சம்தான் தலைநகரை 1010இல் இன்றைய ஹனோய்க்கு மாற்றியது. 1225இல் ஆட்சி ட்ரான் குடும்பத்தின் கைக்குப் போனபின், லி லோங் துவோங் என்ற இளவரசர் கடல்வழியே தப்பி, அன்றைய கொரிய அரசான கொரியோவில் கரையேறினார். ஊரில் தங்கியவர்களை 1232இல் ட்ரான் ஆட்சி குடும்பப் பெயரை மாற்றச் சொல்லி நுயென் ஆக்கியது. ஆகவே வியட்நாமின் லி அரச குலம் இன்று வியட்நாமில் நுயென்களுக்குள்ளும், பெயரை இழக்காமல் கொரியாவிலும் இருக்கிறது. எந்தப் பெயர்ப் பரவல் வரைபடமும் இதைக் காட்டாது.

மூல ஊரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1894 சீர்திருத்தம் சாதி அடுக்கை ஒழிக்கும் வரை அடிமைகளில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1909ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் எல்லோருக்கும் பெயர் கேட்டபோது கிம், லீ, பாக் என்று பெரிய பெயர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே வம்சாவளி ஏட்டில் இடம் வாங்குவது நடந்துவந்தது. 1940இல் ஜப்பானிய ஆட்சி ஜப்பானியப் பெயர்களைத் திணித்ததால் 1940–45 ஆவணங்களில் லீ என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 1946இல்தான் பெயர்கள் திரும்பின. ஒரே பெயர், ஒரே மூல ஊர் உள்ளவர்கள் மணக்கத் தடை போட்ட குடிமைச் சட்டப் பிரிவை அரசியல் சட்ட நீதிமன்றம் 1997இல் செல்லாததாக்கி, 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. ஜொன்ஜு லீயும் கியோங்ஜு லீயும் மணப்பதற்கு அந்தப் பிரிவு எப்போதும் குறுக்கே நின்றதில்லை என்பதிலிருந்தே அவை இரண்டு குடும்பங்கள் என்பது விளங்கும்.

மொங் லீ

மொங் மக்களின் குலங்களில் ஒன்று, ரோமன் எழுத்தில் எல்-ஐ-எஸ். இறுதியில் உள்ள எஸ்ஸை ஒலிக்கக் கூடாது, அது சுரக் குறி. 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மதபோதகர்கள் உருவாக்கிய எழுத்து முறை அப்படி. 1975க்குப் பின் தாய்லாந்து முகாம்கள் வழியே அமெரிக்கா வந்தவர்களில் சிலர் லீ, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைத் தொடர்ந்தவர்கள் எல்-ஒய். இரண்டும் ஒரே குலம், ஒருவரையொருவர் மணக்க மாட்டார்கள். அவர்கள் திரளாகக் குடியேறிய மாநிலங்களில் இரண்டு மினசோட்டாவும் விஸ்கான்சினும். நார்வே லீக்களின் பழைய பூமி. மினசோட்டாவின் தலைநகர் செயின்ட் பாலில் தேவாலயப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு லீயைத் தேடுபவர் இரண்டு கண்டங்களை ஒரே பக்கத்தில் பார்ப்பார். மொங் ஆண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டார் ஒரு மூத்த பெயரைச் சேர்ப்பதுண்டு. முன்பின் ஆவணங்களில் இயற்பெயர் மாறியிருந்தால் ஆள் வேறு என்று உடனே ஒதுக்கக் கூடாது.

ஸ்டான்லி லீபர் என்று பிறந்த ஸ்டான் லீ போல வேறு பெயரை வெட்டி லீ ஆக்கியவர்கள் தனி ரகம். அவர்களுக்கு எந்த வேரும் பொருந்தாது.

பெயரை வைத்து இனத்தை ஊகித்தால்

இனத் தகவல் இல்லாத கடன், மருத்துவக் கோப்புகளில் பாகுபாடு இருக்கிறதா என்று பார்க்க, குடும்பப் பெயரையும் முகவரியையும் இணைத்து வாய்ப்பை மதிப்பிடும் பேயஸ் நிகழ்தகவுக் கணக்கு ஒன்று அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளது. பெயர் மட்டும் என்றால் லீக்கு ஆசியர் 42, வெள்ளையர் 36, கறுப்பினத்தவர் 16. இதோடு ஒவ்வோர் இனத்தின் நாட்டு மக்கள்தொகையில் எத்தனை பங்கு அந்தப் பகுதியில் வாழ்கிறது என்பதைப் பெருக்க வேண்டும். ஒரு கற்பனைப் பகுதியில் ஆசியரில் 0.1 சதவீதமும், வெள்ளையரில் 0.01 சதவீதமும், கறுப்பினத்தவரில் 0.02 சதவீதமும் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். பொதுக் காரணியை நீக்கினால் 42×10=420, 36×1=36, 16×2=32. மொத்தம் 488, ஆசியர் வாய்ப்பு சுமார் 86 சதவீதம். வேறொரு பகுதியில் ஆசியர் 0.002, வெள்ளையர் 0.03, கறுப்பினத்தவர் 0.01 என்றால் 8.4, 108, 16. ஆசியர் வாய்ப்பு 6 சதவீதம். (சிறு பிரிவுகளை இங்கே விட்டிருக்கிறோம்.) பெயர் ஒன்றே, முகவரி மட்டும் மாறியது. கார்சியாவுக்கு முகவரி ஒரு கூடுதல் குறிப்பு மட்டுமே, லீக்கு முகவரிதான் முழுத் தீர்ப்பும். முகவரி பழையதாக இருந்தாலோ அஞ்சல் பெட்டி எண்ணாக இருந்தாலோ லீ வரிசைகளை ஆய்விலிருந்து தனியே எடுத்து வைப்பது நல்லது.

தேடும் வரிசை

முதலில் எந்த அலுவலகம் அந்தப் பெயரை எழுதியது, எந்த ஆண்டு என்று பாருங்கள். ஹாங்காங் பிறப்புச் சான்றிதழின் லீயும் தென்கொரியத் தலைநகர் சியோல் தந்த பாஸ்போர்ட்டின் லீயும் இங்கேயே பிரிந்துவிடும். அடுத்து மூல எழுத்து: சீனக் குடும்பத்துக்குக் கல்லறை, திருமண அழைப்பு, பழைய கடிதத்தின் உறை, கொரியக் குடும்பத்துக்குக் குடும்ப உறவுச் சான்றிதழ். சான்றிதழில் சீன எழுத்தும் மூல ஊரும் சேர்ந்தே இருக்கும், 2008க்கு முந்தையது என்றால் பழைய ஹோஜு (குடும்பத் தலைவர்) பதிவேட்டைக் கேட்க வேண்டும். மூன்றாவது, ஊர். சீனருக்கு மாவட்டத்தோடு நிற்காமல் கிராமம் வரை, நார்வேக்குப் பண்ணை, இங்கிலாந்துக்குத் திருச்சபை வட்டம். நான்காவதாகத்தான் வம்சாவளி ஏடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையில் கிடைத்த ஏட்டில் ஒத்துப்போகும் பெயரைத் தேடிப் பொருத்துவதுதான் பெரும்பாலான தப்பான மரங்களின் தொடக்கம்.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமின் மரபணுச் சோதனை, நார்வே வழியா சீன வழியா என்ற கேள்வியைச் சுலபமாகத் தீர்க்கும். ஜொன்ஜுவா கியோங்ஜுவா என்பதற்கு, ஆவணத்தால் உறுதியான உறுப்பினர்களின் முடிவுகள் ஒப்பிடக் கிடைத்தால் மட்டுமே உதவும். தந்தை வழியில் எங்கோ ஒரு தத்து, ஒரு காகித மகன் இருந்தால் முடிவு சரியாகவும் பெயர் தப்பாகவும் வரும்.

தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் பதிவான ரோமன் எழுத்துக்கூட்டல், மூல எழுத்து, மூல ஊர் அல்லது குலம், அந்தத் தகவலின் ஆதாரம் என நான்கு தனிக் கட்டங்கள் வைக்க வேண்டும். மூல எழுத்துக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள். காலியாக விட்ட கட்டத்தைப் பிற்பாடு யாராவது சரியாக நிரப்புவார்கள். ஊகித்து எழுதியதை அடுத்தவர் ஆதாரமாக எடுத்து, பத்து மரங்களுக்குள் நகலெடுத்துவிடுவார்.